பிக்கப் வண்டிக்கு சிபி ஆன்டெனா: ஒரு திருச்சிக் கணக்கு

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். முசிறி, தொட்டியம் பக்கம் வாழைத்தார் ஏற்றி காந்தி மார்க்கெட்டில் இறக்குவது தொழில். வெளிநாட்டிலிருந்து வந்த அவருடைய மச்சான் ஒரு சிபி ரேடியோ செட்டும், கூடவே ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு கம்பி ஆன்டெனாவும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "சார், இதை எங்க மாட்டினா நல்லா எடுக்கும்? கேபின் மேலயா, தொட்டி ஓரத்துலயா?" என்று கேட்டார். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததும் இயற்பியல், சட்டம், கரண்ட் கம்பி என்று நீண்டுகொண்டே போய்விட்டது.

முதலில் நீளக் கணக்கு. வண்டியில் வைக்கிற ஆன்டெனா பெரும்பாலும் 'கால் அலை' வகை. அதாவது அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு உயரமுள்ள கம்பி. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வந்துவிடும். சிபி என்பது 27 மெகாஹெர்ட்ஸ் சமாச்சாரம். ஆகவே சுமார் 2.75 மீட்டர், ஒன்பது அடி. ஒப்பிட்டுப் பார்க்க நம்ம ஊர் வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அதற்குக் கால் அலை 80 மீட்டர். 1987-ல் கட்டி முடித்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, சுமார் 72 மீட்டர். கோபுரத்தையே ஆன்டெனாவாக நிறுத்தினாலும் எட்டு மீட்டர் பத்தாது!

கம்பி மட்டும் ஆன்டெனா இல்லை என்பதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். கால் அலைக் கம்பி பாதி ஆன்டெனா. மீதிப் பாதி அதன் கீழே இருக்கிற தகடு. கம்பியில் ஏறுகிற மின்னோட்டத்துக்கு ஈடான ஓட்டம் வண்டியின் உடம்பில் ஓடியாக வேண்டும். அதனால்தான் கேபின் கூரையின் நட்டநடுவே சிறந்த இடம் என்கிறார்கள்: நாலு பக்கமும் தகடு சமமாக இருக்கும், அலையும் நாலு பக்கமும் ஏறத்தாழ சமமாகப் போகும். பின் இடது மூலையில் வைத்தால் தகடு அதிகமுள்ள திசைக்கு, அதாவது எதிர்மூலையான முன் வலது பக்கம், கொஞ்சம் கூடுதலாக வீசும்.

பிக்கப்பில் இன்னொரு சிக்கல். காரைப் போல இது ஒரே கூடு இல்லை. கேபின் தனி, பின்னாடி தொட்டி தனி. இரண்டும் சேஸிஸ் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். கேபினுக்குக் கீழே ரப்பர் புஷ் வேறு. பேட்டரி கரண்டுக்கு எங்கேயோ ஒரு எர்த் வயர் இருந்தால் போதும், விளக்கு எரியும். 27 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த ஒற்றை வயர் பத்தாது. தொட்டி ஓரத்தில் ஆன்டெனா மாட்டினால் தொட்டியையும் சேஸிஸையும், சேஸிஸையும் கேபினையும் பட்டையான செம்புப் பின்னல் வைத்து, பெயிண்டைச் சுரண்டி, இறுக்கிப் போல்ட் போட வேண்டும். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டிங்கரிங் பட்டறையில் கேட்டால் 'எதுக்கு சார் இவ்ளோ எர்த்து?' என்பார்கள். போடச் சொல்லுங்கள்.

இனி அந்த ஒன்பது அடி. கேபின் கூரை தரையிலிருந்து 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே 2.75 மீட்டர் கம்பி. மொத்தம் 4.65 மீட்டர். மின்மயமான ரயில் பாதையின் லெவல் கிராசிங்கில் சாலைக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம் நிற்கும் இல்லையா, அந்த உயர அளவுச் சட்டத்தின் உயரம் 4.67 மீட்டர். இரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம்! வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினால் கம்பி ஆடும் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு சென்டிமீட்டர் ஒன்றுமே இல்லை. மேலே ஓடுவது 25,000 வோல்ட். அந்த மின்சாரம் தொட்டால்தான் அடிக்கும் என்றும் இல்லை, கிட்டே போனாலே தாவும். வாழைத் தோட்டத்துக்குள் போகிற வண்டிப்பாதையில் தொய்ந்து தொங்கும் பம்ப்செட் லைன்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். நம்ம ஊர் லோடு வண்டிக் கூரையில் முழுநீளக் கம்பி வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

அப்படியானால் குட்டை ஆன்டெனா. கம்பியைக் குறைத்து, குறைந்த நீளத்துக்கு ஈடாக ஒரு காயில் சுற்றி வைப்பார்கள். கடையில் கிடைக்கும் நாலு அடி ஆன்டெனாக்கள் எல்லாம் இந்த வகைதான். இதற்கு ஒரு விலை உண்டு. முழு கால் அலைக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். அதே அலைக்கு அடியில் காயில் வைத்த நாலு அடிக் கம்பியில் அது 5 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். காயிலும் எர்த்தும் சேர்ந்து இன்னொரு 5 ஓம் நஷ்டம் வைத்தால், செட் கொடுக்கிற சக்தியில் பாதி வெறும் சூடாகப் போகிறது. காயிலைக் கம்பியின் நடுவிலோ மேலேயோ வைத்தால் நிலைமை தேறும். ஆனால் தலை கனத்து, காற்றில் கம்பி வளைந்து ஆடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, மாட்டலாமா என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியாவில் சிபிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று பலரும் சொல்வது பாதி உண்மை. 2005-ல் வந்த விதி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் இரண்டு நிபந்தனைகள்: வீச்சு சக்தி 5 வாட்டுக்கு மேல் கூடாது, ஆன்டெனா கருவியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். கவனியுங்கள், கருவியோடு சேர்ந்து! கையில் பிடிக்கிற செட், அதன் தலையில் ஆன்டெனா. கூரையில் தனி ஆன்டெனா வைத்து கேபிள் இழுத்த நிமிடமே அந்த விலக்கு போய்விட்டது. இன்னொன்று, அமெரிக்க செட்டில் 40 சேனல் இருக்கும். சேனல் 27 என்பது 27.275, உள்ளே இருக்கிறது. சேனல் 28 என்பது 27.285, வெளியே போய்விட்டது. கடைசிப் பதிமூன்று சேனல்களும் நமக்கு இல்லை.

கை செட்டையே கேபினுக்குள் வைத்துப் பேசலாமே என்றால், பேசலாம், சட்டப்படி சரி. ஆனால் 11 மீட்டர் அலைக்கு கேபின் ஒரு இரும்புப் பெட்டி. கண்ணாடி ஜன்னல்கள் அந்த அலைநீளத்துக்கு ரொம்பச் சின்ன ஓட்டைகள். முன்னால் போகிற வண்டியோடு பேச ஆகும், கொஞ்சம் தள்ளிப் போனாலே இரைச்சல்தான். சட்டம் விடுகிற வழியை இயற்பியல் அடைக்கிறது, இயற்பியல் விடுகிற வழியைச் சட்டம் அடைக்கிறது.

ஹாம் ரேடியோ? அதுதான் எனக்குப் பிடித்த வழி. மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். 12 வயது ஆனவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு மோர்ஸ் கூடத் தேவையில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ஒலிபரப்புக்காக ஏற்கெனவே போர்ட் பிளேரில் இருந்தார்கள். தொலைபேசி அறுந்த அந்தமானிலிருந்து செய்திகள் வெளியே வர அந்த செட்டுகள் உதவின. ஆனால் வாழைத்தார் வியாபாரக்காரருக்கு இதில் ஒரு முட்டுக்கட்டை: ஹாம் அலைவரிசையில் தொழில் பேச்சு கூடாது. 'தார் என்ன விலைக்குப் போகுது' என்று கேட்டால் விதிமீறல். தொழிலுக்கு என்றால் தனி அலைவரிசை உரிமம் வாங்க வேண்டும், அல்லது 2018 விதிப்படி உரிமம் தேவைப்படாத 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் கை செட்டுகளை, அனுமதிச் சான்று பார்த்து, வாங்கலாம். சான்று பார்க்கச் சொல்வது சும்மா இல்லை. 2025 மே மாதம் வாக்கிடாக்கி விற்ற இணையத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

நண்பரின் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான்; ஹாம் தேர்வு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் உரிமம் வாங்கினால் வண்டிக்கூரை கதை மாறும். ஹாம்களின் இரண்டு மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். கால் அலை வெறும் 50 சென்டிமீட்டர்! காயில் வேண்டாம், லெவல் கிராசிங் பயம் வேண்டாம், கேபின் கூரைத் தகடே தாராளமாகப் போதும். அந்தச் சின்னக் கம்பி தன் வேலையை முழுசாகச் செய்யும். எட்டுகிற தூரம்தான் உயரத்தைப் பொறுத்தது. இரண்டு வண்டிகளிலும் ஆன்டெனா தரையிலிருந்து 2 மீட்டர் என்றால் சமதரையில் கணக்குப்படி 11, 12 கிலோமீட்டர். நடுவே வீடும் மரமும் வந்தால் அதிலும் குறையும். 83 மீட்டர் மலைக்கோட்டை உச்சியில் ஒருவர் நின்று பேசினால் அதே கணக்கு 43 கிலோமீட்டர் காட்டும், முசிறி வரைக்கும் வரும்.

மாட்டுகிற வேலைக்கு வருவோம். காந்த அடி வைத்த ஆன்டெனா, துளை போட மனசு வராதவர்களுக்கு. தொடக்கத்துக்கு அதுவே போதும், ஆனால் வாரம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள்; அடியில் சிக்கும் மணல் பெயிண்டைத் தின்றுவிடும். நிரந்தரமாக என்றால் 19 மில்லிமீட்டர் துளை. துளைக்கும் முன் உள்ளே கூரைத் துணியை இறக்கி, குறுக்குச் சட்டமும் வயரும் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கேபிள் ஆர்.ஜி.58 என்றால் 145 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் நஷ்டம். ஐந்து மீட்டருக்கு ஒரு டெசிபெல், சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. தேவைக்கு மேல் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணிக்காதீர்கள். சிபிக்காரர்கள் 'கட்டாயம் 18 அடி கேபிள்' என்பார்கள். 18 அடி என்பது காற்றில் அரை அலை. கேபிளுக்குள் அலை மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகிறது, ஆகவே அங்கே அரை அலை 12 அடி. அந்த விதியின் கணக்கே தப்பு.

மின்சாரத்தை சிகரெட் லைட்டர் ஓட்டையில் எடுக்க வேண்டாம். பேட்டரியிலிருந்து நேராக, பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு இழுங்கள். ஃபியூஸ் செட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், நடுவழியில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது எரிவது வண்டி.

கடைசியில் அளவெடுப்பு. எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனா திருப்பி அனுப்புகிற சக்தியின் அளவுகோல். 1.5 என்றால் திரும்புவது 4 சதம், 2 என்றால் 11, 3 என்றால் 25. அலைவரிசையின் கீழ்க்கோடியிலும் மேல்கோடியிலும் அளந்து பாருங்கள். கீழே நன்றாக, மேலே மோசமாக இருந்தால் கம்பி நீளம், கொஞ்சம் வெட்டு. தலைகீழாக இருந்தால் கம்பி குட்டை. இரண்டு பக்கமும் மோசம் என்றால் கம்பியைத் தொடாதீர்கள், எர்த்தோ கனெக்டரோ கோளாறு. வெட்டும்போது மூன்று மில்லிமீட்டர், மறுபடி அளவு, மறுபடி மூன்று மில்லிமீட்டர். அளக்கும்போது கதவுகள் மூடியிருக்கட்டும், பக்கத்தில் சுவரோ இன்னொரு வண்டியோ வேண்டாம், கம்பிக்குப் பக்கத்தில் ஆளும் நிற்க வேண்டாம். கொள்ளிடக்கரைப் பக்கம் காலியான இடம் நிறைய இருக்கிறது, அங்கே கொண்டுபோய் நிறுத்தி அளந்தால் நல்லது.