பனங்கொட்டைக்கு முன்னால் ஒரு நோட்டு!

பனை விதைப்பு நடக்கிற காலையில் கண்மாய்க் கரைக்குப் போனால் திருவிழாதான்! சாக்குச் சாக்காகப் பனங்கொட்டை, கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பிள்ளைகள், வேப்பமரத்தடியில் மோர்ப்பானை, நடுநடுவே செல்ஃபி. ஆனால் அந்தக் காலைப்பொழுதைத் தூக்கிச் சாப்பிடுகிற கொண்டாட்டம், அதற்கு முந்தைய வாரங்களில் திரைக்குப் பின்னால் நடந்து முடிந்திருக்கும். சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற என் அண்ணன் மகள் அப்படியொரு விதைப்பைத் திட்டமிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் யோகம் அத்தைக்கு! வாங்க, அவள் திட்டம் எழுதிய நோட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம்.

பத்தாயிரம் எங்கே போச்சு?

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு எண்: 10,000. “அத்தை, பத்தாயிரம் விதை போடப் போறோம்!” முகமெல்லாம் வெளிச்சம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “போடு தாயி. உங்க கண்மாய்க் கரை எம்புட்டு நீளம்?”

மறுநாளே கயிற்றோடு ஒரு பட்டாளம் கரையில் இறங்கிவிட்டது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பனைக்குப் பனை பத்தடி இடைவெளி வேண்டும். ஒரு வரிசைக்குச் சுமார் 300 விதை. பத்தாயிரம் விதைக்கு முப்பது கிலோமீட்டர் கரை வேண்டும்! கணக்கு முடிந்ததும் வீடே அதிரச் சிரித்தார்கள். 10,000 அடிக்கப்பட்டு 300 எழுதப்பட்டது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தக் கோட்டை நான் அடிக்கவில்லை, அவளே அடித்தாள்!

பிள்ளைக்குத் துணை நிற்பதன் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. விடை நம் நாக்கு நுனியில் இருக்கும். அதை அங்கேயே நிறுத்திவைத்து, கேள்வியை மட்டும் கையில் கொடுக்க வேண்டும்.

கரை யாருடையது?

இரண்டாவது கேள்வி இது. ஆயக்கட்டு 100 ஏக்கரைத் தாண்டினால் கண்மாய் அரசின் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். இவர்கள் கண்மாய் சின்னது. அப்படியானால் விஷயத்தை ஊர் முன்னால் வைக்க ஆகஸ்ட் 15 கிராம சபையைவிட நல்ல நாள் ஏது?

அங்கேதான் ஒரு சிக்கல். கிராம சபை உறுப்பினர் என்றால் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இவளுக்கோ வயது 16! உடனே வீட்டுக்குள் ஓடினாள். சபையன்று அவளுடைய அப்பத்தா, அதாவது என் அம்மா, பேத்தி எழுதிக் கொடுத்த தாளோடு எழுந்து நின்றார். “எங்க பிள்ளைக கரையில பனை வைக்கப் போகுதுக. ஊரு சம்மதம் வேணும்.” சம்மதம் கிடைத்தது. கூடவே ஊர்க்காரர்கள் யோசனைகளையும் அள்ளிக் கொட்டினார்கள்!

ஊர் சொன்ன பாடம்

நோட்டின் மிக அழகான பக்கங்கள் இவை. பனையேறும் மாமா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள்: “நல்லாக் காய்க்கிற மரமாப் பாத்து, தன்னால விழுந்த பழத்தைப் பொறுக்குங்க.” ஒரு பழத்தில் மூன்று கொட்டைவரை இருக்கும். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். வடகிழக்குப் பருவமழை வருமுன் ஓரடிக் குழியில் போட்டு மூடிவிட வேண்டும். நாள் குறிக்க வேறு ஜோசியமே தேவையில்லை!

ஆடு மேய்க்கும் தாத்தாவிடம் “ஆடு கடிச்சிருமா?” என்று கேட்கப் போனாள். அவர் கைகாட்டியது வேறு இடத்தை. பனை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும். கிழங்கு விட்டு, பல மாதங்கள் கழித்தே முதல் ஓலை வெளியே வரும். கோடையில் கரைப்புல்லுக்கு யாராவது தீ வைத்தாலோ, மராமத்துக்கு ஜேசிபி ஏறினாலோ, கிழங்குக்கு ஆசைப்பட்டு யாராவது தோண்டினாலோதான் ஆபத்து. மடையையும் கலுங்கையும் ஒட்டி வைக்க வேண்டாம், நாளைக்குப் பழுது பார்க்க இடம் வேண்டும் என்றார் இன்னொருவர். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார்கள், “விதை இருக்கிற இடத்தில் குச்சி நட்டு வை, புதர் வெட்டும்போது பார்த்து வெட்டுறோம்” என்றார்கள். பணித்தளப் பொறுப்பாளரையும் அவர்களே அழைத்துவந்து அறிமுகப்படுத்தினார்கள்.

விதைக்குமுன்பே காவலுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. சேவைத் திட்டத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் நான் கண்டதில்லை.

120 மணி நேரம்

இவள் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறாள். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை. விதைக்கும் நாளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஐந்து மணி நேரம் எழுதினாள். மிச்சத்தில் பெரும்பங்கைப் பிந்தைய மாதங்களுக்குப் பிரித்தாள்: குச்சிகளைச் சரிபார்ப்பது, கோடைக்கு முன் காய்ந்த புல்லை அகற்றுவது, முளைக்காத குழிகளைக் குறித்துவைத்து அடுத்த புரட்டாசியில் மறுபடி போடுவது.

அப்போதுதான் அந்தக் கேள்வி அவளிடமிருந்தே வந்தது. பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை எது ஆண், எது பெண் என்றுகூடத் தெரியாது. “அப்ப எனக்கு முப்பது வயசாயிருமே அத்தை! நான் காலேஜுக்குப் போயிட்டா யாரு பாப்பா?” ஆகா, இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்!

விடையையும் அவளே கண்டுபிடித்தாள். கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தாள். மடைக்கு இந்தப் பக்கம் ஒரு குழு, புளியமரம்வரை இன்னொரு குழு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த பொறுப்பாளர் பெயருக்கு ஒரு கோடு, அதற்கடுத்தவருக்கு ஒரு கோடு, இப்படிப் பக்கம் முழுக்கக் காலிக் கோடுகள்!

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் அறிவிப்பு இருந்தது. விதைக்கு இங்கே பஞ்சமில்லை. விதைத்த பிறகு கரைக்குத் திரும்பிவருகிற பிள்ளைகள்தான் வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகள் நிச்சயமாக இருக்கிறார்கள், ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்!

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை, “ஊருக்கு ஏதாவது செய்யணும்” என்று வந்து நிற்கலாம். பணத்தை நீட்டிவிடாதீர்கள், தெரிந்த அதிகாரிக்குப் போன் போட்டுவிடாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். யாருக்கு வேண்டும், யாருடைய இடம், யாரிடம் கேட்டாய், உனக்குப் பிறகு யார் என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பனைதான் என்றால், ஆகஸ்ட் 15க்கு முன்பே கேட்டுவிடுங்கள்.