பிறந்த மண்ணை விட்டுப் போகாத விமானி

1947 இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது நிலம் மட்டுமா பங்கிடப்பட்டது? படைகளும் பங்கிடப்பட்டன. விமானங்களை எண்ணிப் பிரித்தார்கள். மனிதர்களை எப்படிப் பிரிப்பது? முஸ்லிம் அதிகாரிகள் எந்தப் பக்கம் என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அவர்களுள் ஒருவர் இத்ரீஸ் ஹஸன் லத்தீப். 1923 இல் ஹைதராபாத்தில் பிறந்து, 1942 இல் விமானப்படை அதிகாரியாகி, இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா முனையில் பறந்தவர். உடன் பணியாற்றிய நண்பர்களான அஸ்கர் கானும் நூர் கானும் அவரைப் பாகிஸ்தானுக்கு அழைத்தனர். அவ்விருவரும் பிற்காலத்தில் அந்நாட்டு விமானப்படைத் தளபதிகளாயினர். லத்தீபோ இந்தியாவிலேயே தங்கிவிட்டார்.

1950 இல் இந்தியா குடியரசானபோது, டில்லி வானில் விமான அணிவகுப்புக்குத் தலைமை தாங்கினார். 1965 யுத்தத்தில் பாகிஸ்தான் விமானப்படையை வழிநடத்தியவர் நூர் கான். 1971 யுத்தத்தின்போது இந்திய விமானப்படையின் திட்டப் பொறுப்பில் இருந்தவர் லத்தீப். ஒரே படையில் பறந்த தோழர்களைக் காலம் எங்கெங்கே நிறுத்திவிட்டது!

1978 இல் இந்திய விமானப்படையின் தளபதியானார். அப்பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவரே. ஜகுவார் விமானங்கள் அவர் காலத்திலேயே படையில் சேர்ந்தன. 1981 இல் ஓய்வு பெற்றபின் மகாராஷ்டிர ஆளுநராகவும் பிரான்ஸுக்கான தூதுவராகவும் கடமையாற்றினார்.

அவரது துணைவியார் பில்கீஸைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியாது. ஆளுநர் மாளிகையில் வாழ்ந்தபோதும், மும்பையின் தாராவிச் சேரிக்குச் சென்று அங்குள்ள பெண்களுக்காக உழைத்தார் அந்த மாதரசி. 2009 இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

லத்தீப் 2018 இல், தமது 94 ஆவது வயதில் காலமானார். அதுவும் பிறந்த ஹைதராபாத்திலேயே.