14 நாள் கெடு

அண்ணனுக்கு முதலில் சந்தேகம் வந்தது போன்மேல்தான். காலையில் எழுந்ததும் இடது காதில் வைத்திருக்கிறார், ஒரு சத்தமும் இல்லை. 'சிக்னல் போச்சு' என்று வலது காதுக்கு மாற்றினால், பேசியவர் குரல் கணீரென்று வருகிறது. முந்தின நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் வந்தவர். குளிர்காற்று அடித்துவிட்டது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விட்டார். அடுத்த வாரம் மெடிக்கல் ஷாப்பில் குறும்பி கரைக்கும் சொட்டு மருந்து. இரவெல்லாம் காதுக்குள் 'ஙொய்ங்' என்று இரைச்சல். இ.என்.டி. டாக்டரிடம் போய் உட்கார்ந்தபோது 19-வது நாள்.

டாக்டர் கருவி எதையும் எடுக்கவில்லை. "வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு சொல்லுங்க. எந்தப் பக்கம் பலமா கேக்குது?"

"வலது பக்கம் சார்."

குறும்பி அடைப்போ நடுக்காதுக் கோளாறோ என்றால் அடைத்த பக்கம்தான் அந்த 'ம்ம்ம்' பலமாகக் கேட்கும். நல்ல காதில் கேட்டால் கோளாறு உள்காதில், நரம்பு சம்பந்தப்பட்டது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செய்தவுடன் ஆடியோகிராம் எடுக்க ஓட வேண்டும், அவ்வளவுதான்.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலாவது கேட்கும் திறன் குறைந்தால் அதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 5 முதல் 27 பேர். வைரஸா, ரத்த ஓட்டத் தடையா என்று பெரும்பாலோருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

இதற்குப் புதிய சிகிச்சைகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. அவற்றில் நம் ஊருக்கு அதிகம் பயன்படக்கூடியது செவிப்பறை வழியே போடும் ஸ்டீராய்டு ஊசி. பறையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் அரை மில்லி அளவு மருந்தை நடுக்காதில் நிரப்புகிறார்கள். அரைமணி நேரம் அந்தக் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பேசக்கூடாது, எச்சில் விழுங்குவதைக்கூடக் குறைக்கச் சொல்கிறார்கள். மருந்து அங்கே தேங்கி நின்று, ஒரு சிறு ஜவ்வு வழியாக உள்காதுக்குள் கசிகிறது. 250 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில் இந்த ஊசி வழக்கமான ஸ்டீராய்டு மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்டீராய்டு டோஸைக் கூட்டினால் பலன் கூடுமா என்று பார்த்த ஜெர்மனி ஆய்வில் கூடியது பக்கவிளைவுதான்.

அழுத்த அறையில் சுத்த ஆக்சிஜன் சுவாசிக்க வைப்பது இன்னொன்று. ஸ்டீராய்டோடு சேர்த்துத்தான் அதற்கு மதிப்பு. தனியாக அதை மட்டும் விற்கிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஜப்பானில் வளர்ச்சிக் காரணி கலந்த ஜெல்லை உள்காது வாசலில் வைத்துப் பார்த்தார்கள். உள்காதில் ஒலியை உணரும் ரோமச் செல்கள் செத்துப்போனால் கோழிக்குஞ்சு அவற்றைத் திரும்ப வளர்த்துக்கொள்கிறது, மனிதக் காது வளர்ப்பதில்லை. வளரவைக்கும் என்று பேசப்பட்ட மருந்தும் சோதனையில் கைகொடுக்கவில்லை.

பாதிப்பேருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறதே, ஸ்டீராய்டு எதற்கு என்று கேட்கும் டாக்டர்களும் உண்டு. இருக்கட்டும். அந்தப் பாதியில் நாம் இருக்கிறோமா என்று காத்திருந்து பார்க்க நேரமில்லை என்பதுதான் என் கவலை. அமெரிக்க இ.என்.டி. மருத்துவர்களின் 2019 வழிகாட்டி ஸ்டீராய்டைத் தொடங்கக் கொடுக்கும் கெடு இரண்டு வாரம். மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு ஊசி, இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள். அந்த முதல் இரண்டு வாரத்தைத்தான் நாம் பூண்டு எண்ணெய்க்கும், பட்ஸுக்கும், 'சளி இறங்கினா சரியாயிடும்' என்ற சமாதானத்துக்கும் எழுதி வைத்துவிடுகிறோம். வலி இருந்தாலாவது ஓடியிருப்போம். வலிக்காது, ஒரு காது நன்றாகக் கேட்கும், ஆபீஸ் வேலையும் நடக்கும். இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டைக் கடையில் தாமாக வாங்கி விழுங்குகிறவர்களை நினைத்தால் அது வேறு பயம்.

அண்ணன் வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி போட்டுக்கொண்டார். இரைச்சல் தணிந்தது, கேட்பது பாதிதான் திரும்பியது. கல்யாணப் பந்தியில் இப்போது வரிசையின் இடது கோடியைப் பிடித்துக்கொள்கிறார், எல்லோரும் வலது காதுப் பக்கம் இருக்கும்படி.