காகிதம் கேட்காத பிரின்டர்

தில்லியில் 1990களின் பிற்பகுதியில் ஒரு நாள். இரவெல்லாம் கண்விழித்து மொழிபெயர்த்த 12 பக்கங்களை ஃப்ளாப்பியில் வாங்கிச் சென்ற அச்சகத்திலிருந்து காலையில் போன்: "இது என்ன பாஷை, சார்?" திரையில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கைகோத்து நின்றன.

காரணம் சாதாரணமானது. அன்று தமிழ் ஃபாண்ட் விற்ற ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வைத்திருந்தார்கள். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளை அறிவித்தபோது, ஏராளமான ஃபைல்கள் ஏற்கனவே பழைய ஃபாண்ட்களில் சிக்கியிருந்தன.

தப்பிக்க ஒரு தந்திரம் இருந்தது. இல்லாத பிரின்டர் ஒன்று இருப்பதாக கம்ப்யூட்டரை நம்பவைப்பது! விண்டோஸில் போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை லேசர் பிரின்டர் ஒன்றைச் சேர்த்து, அது இணைந்திருக்கும் இடம் என்ற கேள்விக்கு 'ஃபைல்' என்று பதில் தர வேண்டும். அதன்பின் பிரின்ட் கட்டளை கொடுத்தால் அது காகிதம் கேட்காது. ஃபைலுக்குப் பெயர் கேட்கும். அந்த ஃபைலை அடோபியின் டிஸ்டில்லரிலோ இலவசமாகக் கிடைத்த கோஸ்ட்ஸ்கிரிப்ட்டிலோ கொடுத்தால் பி.டி.எஃப். தயார். ஃபாண்டும் அதற்குள்ளேயே பயணம் செய்யும்.

இன்று இத்தனை சுற்று வேண்டாம். மேக் கம்ப்யூட்டர்களில் 2001 முதலும், விண்டோஸில் 2015இல் வந்த 10ஆம் பதிப்பு முதலும் இந்த வசதி கூடவே வருகிறது. ஆனாலும் அனுப்புமுன் ஒரு சோதனை அவசியம். அடோபி ரீடரில் ஆவணத்தின் பண்புகளைத் திறந்து ஃபாண்ட் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடெட்' என்று இல்லாவிட்டால், அச்சகத்திலிருந்து அதே போன் வரலாம்.

சிக்கல் இதோடு தீரவில்லை. பி.டி.எஃப். முதன்மையாகக் காப்பது பக்கத்தின் தோற்றத்தை. எந்த வடிவம் எந்த இடத்தில் என்பதுதான் அதற்கு முக்கியம்; அது என்ன எழுத்து என்பது அடுத்தபட்சம். யூனிகோடில் அடித்த 'கொடி'யைக்கூட பி.டி.எஃப்.பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், ஒற்றைக்கொம்பு முன்னால் தாவி 'ெகாடி' ஆவது சகஜம். தேடினாலும் அகப்படாது. பழைய ஃபாண்ட் என்றால் கேட்கவே வேண்டாம், மறுபடி ஆங்கில எழுத்துகள்தான். பி.டி.எஃப். எடுத்துவிட்ட தெம்பில் மூல ஃபைலை அழிப்பவர்கள் பிறகு விழிப்பது இங்கேதான். மூலத்தை யூனிகோடுக்கு மாற்றி, இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

அந்த 12 பக்கங்கள் இப்போதும் பி.டி.எஃப்.பாக இருக்கின்றன. அச்சடித்தால் ஒரு புள்ளிகூடப் பிசகுவதில்லை. ஆனால் மூல ஃபைல் ஃப்ளாப்பியோடு போய்விட்டது. மொழிபெயர்ப்பைத் திருத்தி மறுபடி வெளியிட நினைத்தபோது, முதல் வரியிலிருந்து தட்டச்சு செய்ய உட்கார வேண்டியிருந்தது.