சூளகிரிக்குத் தூரமாகிப்போன விமானம்

பெங்களூரிலிருந்து டெல்லிக்கு வான்வழியில் சுமார் 1,700 கிலோமீட்டர். பறக்க இரண்டே முக்கால் மணி நேரம். 2007-லும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான். ஆனால் ஓசூரை அடுத்த சூளகிரிக்காரருக்கு அன்றைவிட இன்று டெல்லி தள்ளிப் போயிருக்கிறது.

அன்று விமானம் ஏறியது பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தில். ஓசூர், அத்திப்பள்ளி வழியாக ஏறக்குறைய 65 கிலோமீட்டர். நகரத்துக்குள் முழுதாக நுழையத் தேவையில்லை. 2008 மே 24-ல் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்ததும் பழையதில் பயணிகள் சேவை நின்றது. நேர்கோடு போட்டால் சூளகிரிக்கும் தேவனஹள்ளிக்கும் 70 கிலோமீட்டர்கூட வராது. சாலையில் 95-ஐத் தொடும், அதுவும் பெங்களூர் நெரிசலைத் தாண்டி. 2010-ல் வந்த எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். காலை ஆறு மணி விமானம் என்றால் இரவு ஒன்றரைக்கே இங்கே வண்டி எடுத்துவிடுகிறார்கள்.

சென்னைக்குக் கணக்கே வேறு. பெங்களூரிலிருந்து வான்வழியில் 270 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். சூளகிரியோ நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் காரில் ஐந்தரை மணி நேரத்தில் சென்னை. எதிர்த்திசையில் தேவனஹள்ளி போய், காத்திருந்து, பறந்து, மீனம்பாக்கத்தில் இறங்கினாலும் அதே நேரம் ஓடிவிடும்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நிற்காமல் பறந்தது: 14,000 கிலோமீட்டர், சுமார் பதினேழு மணி நேரம். கடல் கடந்த ஊர் இப்படிக் கிட்டே வந்துவிட்டது. விமான நிலையம்தான் எட்டப் போய்விட்டது.

மனிதர் காத்திருப்பார், ரோஜா காத்திருக்காது. ஓசூர் வட்டாரத்தில் பாகலூர், பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் மொட்டு விரியுமுன் காம்போடு வெட்டி, உடனே தண்ணீர் வாளியில் நிறுத்துகிறார்கள். இருபது இருபதாகக் கட்டி, குளிர் அறையில் வைத்து, குளிர்பதன வண்டியில் ஏற்றுகிறார்கள். பிப்ரவரி காதலர் தினச் சந்தைக்கு வெளிநாடு போகும் பூவுக்கு வழியில் வீணாகும் ஒவ்வொரு மணியும் ஆயுளில் கழிவு.

2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவு என்றார். வேண்டிய நிலையம்தான், சந்தேகமே இல்லை. தக்காளியும் கொத்தமல்லியும் விளையும் மண் இது. நிலம் கொடுப்பவருக்கு உரிய விலையும் வேலையும் முதலில் உறுதியாக வேண்டும். இன்னொரு தடையும் உண்டு. பெங்களூர் நிலையத்துக்கான ஒப்பந்தப்படி, மைசூர், ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறு பன்னாட்டு நிலையம் 25 ஆண்டுகளுக்குக் கூடாது. அந்தக் கெடு 2033 மே மாதம்தான் முடிகிறது. அதற்குள் சூளகிரி, ஓசூர் மக்கள் நகர நெரிசலில் சிக்காமல் தேவனஹள்ளி போய்ச் சேர ஒரு நல்ல சாலையையும் நேரடிப் பேருந்துகளையும் இரு மாநில அரசுகளும் சேர்ந்து தர வேண்டும்.