கடைசி பெஞ்சுக்கும் தெரியட்டும் டெர்மினல்

பைத்தான் பாடம். உபுண்டு டெர்மினலில் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. விடையை நகலெடுக்க கன்ட்ரோல்+சி அழுத்தினேன், நிரலே நின்றுவிட்டது! டெர்மினலில் அது, ஓடும் நிரலை நிறுத்தும் விசை. எனவே அங்கு நகலெடுக்க கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி, ஒட்ட கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அழுத்த வேண்டும்.

அன்று இன்னொன்றும் புரிந்தது. கடைசி வரிசை மாணவர்கள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. திரை எழுத்து தெரியவில்லை. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பிளஸ் எழுத்தைப் பெரிதாக்கும். நிரந்தரமாக மாற்ற, டெர்மினலின் ப்ரிஃபரன்சஸ் பகுதியில் எழுத்தளவை 20 ஆக்கலாம். வெளிச்சமான வகுப்பறையில் ப்ரொஜெக்டர் காட்டும் கருப்புப் பின்னணி வெளிறிப்போகும். வெள்ளைப் பின்னணியும் கருப்பு எழுத்துமே தெளிவு.

பாடம் தொடங்குமுன் கடைசி பெஞ்சில் ஒரு நிமிடம் அமர்ந்து திரையைப் படித்துப் பாருங்கள், ஆசிரியர்களே.