தகடு லேசு, சட்டம் அல்லவா ராஜா! ஜெர்மன் கூரைகள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

சதுர மீட்டருக்கு வெறும் 5 கிலோ! ஓடு மாதிரியே மேடும் பள்ளமுமாக அழுத்தி எடுத்த அரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டின் எடை அவ்வளவுதான். அதே இடத்தில் மண் ஓடு வேய்ந்தால் 40, 50 கிலோகூட ஆகும். (நம்ம மங்களூர் ஓட்டுத் தொழிலையே 1865ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்புக்காகத் தொடங்கி வைத்தவர் கியோர்க் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மன்காரர். அது தனிக்கதை!)

தகடு இவ்வளவு லேசு என்றால் கைமரமும் ரீப்பரும் பேருக்கு இருந்தால் போதுமே என்று நினைத்தால், போச்சு! ஓடு தன் கனத்தாலேயே உட்கார்ந்துகொள்ளும். தகட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். பனியோ, கீழே ஓடா தகடா என்று பார்த்துக் கொட்டுவதில்லை. ஆகவே சட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது.

ஜெர்மனியில் வேலை நடக்கிற கூரையை அண்ணாந்து பாருங்கள். ரீப்பர் கட்டைகளில் சிவப்புச் சாயம் தெரியும். அழகுக்கு இல்லை! ஆள் மிதித்து நடந்தாலும் தாங்கும் என்று தரம் பார்த்துத் தேர்ந்த கட்டை என்பதற்கு அடையாளம். கைமரத்தின் மேலேயே நீளவாக்கில் ஒரு கட்டை, அதற்குக் குறுக்கே ரீப்பர் என்று இரண்டடுக்கு வேறு. எதற்கு? நடுவில் காற்று ஓட! மார்கழி விடியலில் தகரக் கொட்டகைக்குள் சொட்டுச் சொட்டாக விழுமே, அந்த வியர்வை அங்கேயும் உண்டு. காற்றோட்டம் இருந்தால்தான் காயும்.

உலோகங்களுக்கு ஜாதகப் பொருத்தம் பார்ப்பார்கள், தெரியுமா? செம்புக் கூரையில் வழிகிற மழைநீர் கீழே துத்தநாகத் தகட்டில் விழுந்தால் அரித்தே தீர்த்துவிடும். துத்தநாகம் மேலே, செம்பு கீழே என்றால் வம்பில்லை. அப்புறம், 10 மீட்டர் நீள அலுமினியத் தகடு 80 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளும்! இறுக்கி ஆணி அடித்தால் நெளிந்துவிடும் என்பதால் நகர்ந்து கொடுக்கிற கிளிப்புகள். இந்தத் தகட்டு வேலைக்காரருக்கு வடக்கே க்ளெம்ப்னர், பவேரியாவில் ஸ்பெங்லர், ஸ்வாபியாவில் ஃப்ளாஷ்னர், பாடனில் ப்ளெஷ்னர். ஒரே தொழிலுக்கு நாலு பேர்!

இனிமேல்தான் பெரிய ஆச்சரியம். கொலோன் பேராலயத்துக்கு அஸ்திவாரம் போட்டது 1248ல், கட்டி முடித்தது 1880ல். அதன் கூரை சுமார் 12,000 சதுர மீட்டர். மூடியிருப்பது 600 டன் ஈயத்தகடு. இத்தனை ஈயத்தையும் தாங்குவது மரம் இல்லை, இரும்பு! ஈஃபில் கோபுரம் எழுவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முன்பே, 1860களில், கோதிக் ஆலயத்தின் தலையில் இரும்புச் சட்டம் ஏற்றியிருக்கிறார்கள்! இரண்டாம் உலகப் போரில் 14 குண்டுகள் விழுந்தன. சுற்றிலும் நகரம் எரிந்தது. கூரையைத் தாங்கியதோ பற்றிக்கொள்ளாத இரும்புச் சட்டம். பேராலயம் நின்றது.

மரச்சட்டம் வைத்த லூபெக் மரியன் ஆலயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1942 மார்ச் 28 இரவு தொடங்கிய குண்டுவீச்சில் செம்புக் கூரைக்கு அடியிலிருந்த மரமெல்லாம் எரிந்தது. கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகள் விழுந்த இடத்திலேயே இன்னும் கிடக்கின்றன, பார்க்கலாம்! திரும்பக் கட்டும்போது மரத்தை ஒதுக்கிவிட்டு, செம்புக்கு அடியில் எடை குறைந்த கான்கிரீட்.

ஹாம்பர்க் மிஷாயலிஸ் ஆலயம் எரிந்ததற்குப் போரே தேவைப்படவில்லை. 1906 ஜூலை 3, கோபுரத்தில் பழுது பார்க்க ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தபோது மூண்ட நெருப்பு அது. 1912ல் அதே தோற்றத்தில் எழுந்தது, உள்ளே எஃகும் கான்கிரீட்டுமாக.

வீடு கட்டுகிற இடத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. கைமரமெல்லாம் ஏற்றி முடிந்த அன்று முகட்டில் ஒரு சிறு மரமோ மலர்வளையமோ கட்டுவார்கள். தச்சர் மேலே நின்று வாழ்த்துப் பா சொல்லி, மது குடித்து, கிளாஸைக் கீழே வீசுவார். அது உடைந்தால்தான் வீட்டுக்கு நல்லது! வேலையாட்கள் எல்லாருக்கும் வீட்டுக்காரர் செலவில் விருந்து. தகடு இன்னும் வந்து இறங்கியிருக்கவே இருக்காது.